பிளம்ஸுக்கு எத்தனை விசில்?

கொடைக்கானல் பிளம்ஸ் மலை இறங்கும் மே, ஜூன் மாதங்களில் சொந்தக்காரர்கள் போன் போட்டால் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கும். "அந்தப் பழக் கம்போட்டுக்குக் குக்கர்ல எத்தனை விசில் விடணும்?" ஒன்றுகூட விட வேண்டாம் என்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "விசிலே வேண்டாம்னா குக்கர் எதுக்கு? சட்டியிலயே வச்சுட்டுப் போறேனே" என்று வரும். நியாயமான கேள்விதான். போனில் இதற்குப் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கம்போட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பழத்தை அதன் சாற்றிலேயே, கொஞ்சம் சர்க்கரையும் ஒரு துண்டு பட்டையோ இரண்டு கிராம்போ சேர்த்து, துண்டு துண்டாகத் தெரியும்படி வேக வைத்தால் அது கம்போட். கிளறி இறுக்கினால் ஜாம் ஆகிவிடும், வடிகட்டினால் ஜூஸ். பிரான்சில் ஆப்பிளில் செய்து மசித்துக் குழந்தைகளுக்கு ஊட்டுவார்கள். ரஷ்யா, உக்ரைன், போலந்து பக்கம் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி டம்ளரில் குடிக்கிற பானமாகவே ஆக்கிவிட்டார்கள். உக்ரைனில் டாக்டருக்குப் படித்த என் தங்கை மகன், "பெரியம்மா, எங்க கேன்டீன்லயும் இதை ஊத்துவாங்க, ஆனா பழம் எங்கன்னு தேடணும்" என்றான். துருக்கியில் உலர்பழங்களை வேக வைத்து ஆறவிட்ட ஹோஷாப் என்ற ஒன்று புலாவுக்குத் துணையாக வரும். பிரியாணிக்குப் பக்கத்தில் இனிப்புத் தக்காளிப் பச்சடி வைக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த ஜோடி ஒன்றும் புதிதாகத் தெரியாது.

என் மாமியார் முதல் தடவை ருசி பார்த்ததுமே, "இது நம்ம மாங்காப் பச்சடிதானம்மா, மாங்காய்க்குப் பதிலா வேற பழம்" என்று முடித்துவிட்டார். கம்போட் பற்றி நான் படித்த எதுவும் எனக்கு அந்த அளவுக்கு உதவவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குக்கர். வெயிட் போட்டு மூடிய குக்கருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. வெளியே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் உள்ளே 120 டிகிரி வரை போகும். கொண்டைக்கடலைக்கும் ஆட்டுக்காலுக்கும் அந்த 20 டிகிரி பெரிய விஷயம். பழுத்த பிளம்ஸுக்கு அது எதற்கு? தண்ணீர் கொதிநிலையை எட்டும் முன்னாலேயே அதன் தோல் வெடித்து உள்ளே இளகத் தொடங்கிவிடும். பிளம்ஸ் விளையும் கொடைக்கானலே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, ராஜ்மாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் அதே 93 டிகிரியில் பிளம்ஸ் ஜோராக வெந்துவிடுகிறது.

ஆகவே அழுத்தம் நமக்கு வேண்டாம். வேண்டியது மூடி. திறந்த சட்டியில் ஒரு கிலோ பிளம்ஸைப் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தால் ஆரம்பத்தில் சாறே இருக்காது, அடி பிடிக்கும். பயந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவோம். பிறகு பழமும் சாறு விட, சட்டி நிறையத் தளும்பும். ஊற்றிய தண்ணீரை வற்ற வைக்க இன்னும் இருபது நிமிஷம் கொதிக்கவிட வேண்டும், அடி பிடிக்காமல் இருக்கக் கிளறவும் வேண்டும். வற்றி முடிக்கையில் பழம் கூழாகி, மணம் ஆவியோடு வெளியே போயிருக்கும். குக்கருக்குள் ஒரு பாத்திரத்தில் பழத்தை வைத்து, அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றி மூடினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பழம் இருக்கும் பாத்திரத்தில் தீ படுவதே இல்லை, சுற்றிலும் ஆவி மட்டும்தான். தண்ணீர் சேர்க்க வேண்டாம், கிளற வேண்டாம். பழத்தை உடைப்பது சூட்டைவிடக் கரண்டிதான்.

பாத்திரத்துக்குள் பாத்திரம் வைப்பது நம் வீட்டில் எல்லாருக்கும் பழகிய வேலை. கீழ்த் தட்டில் பருப்பு, மேல் தட்டில் சோறு என்று தினமும் செய்வதுதான். ஆனால் பழம் என்றதும் என்னவோ பலரும் குக்கருக்குள் நேராகக் கொட்டிவிடுகிறார்கள். அது ஆபத்தும்கூட. வேகும் பழம் நுரைத்துப் பொங்கும். ஆப்பிள் கூழ் மாதிரியான சங்கதிகளைக் குக்கரில் நேராக வேக வைக்காதீர்கள் என்று வெளிநாட்டுக் குக்கர்களோடு வரும் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான். நுரையோடு எழும்பும் ஒரு தோல் துண்டு வெயிட் உட்காரும் குழாயை அடைத்தால் அடுத்து சேஃப்டி வால்வ்தான் நம்மைக் காப்பாற்ற வேண்டும். உள் பாத்திரத்திலும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

விசில் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று விசில் என்பது நேரக் கணக்கே இல்லை. பெரிய பர்னரில் வைத்தால் விசில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும், சிம்மில் வைத்தால் ஒன்றுக்கே காத்துக் கிடக்க வேண்டும். மூடி உள்பக்கமாகப் பொருந்தும் ஹாக்கின்ஸ் வகை ஒரு மாதிரி சீறும், மேலே மூடும் பிரெஸ்டீஜ் வகை வேறு மாதிரி. முதல் விசில்தான் தாமதம், ஏனென்றால் மொத்தப் பாத்திரமும் சூடேற வேண்டும். மற்றவை சீக்கிரம் வரும். கம்பெனிகள் கொடுக்கும் புத்தகங்களில் பார்த்தால் அழுத்தம் ஏறிய பிறகு இத்தனை நிமிஷம் என்றுதான் போட்டிருப்பார்கள். நாம்தான் அந்தப் புத்தகத்தைக் கேரண்டி கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, காதால் எண்ணிச் சமைக்கிறோம். பருப்புக்கு அது போதும், ஒரு விசில் கூடினாலும் குடி முழுகாது. பிளம்ஸில் ஒரு விசில் கூடினால் தோல் தனியே சதை தனியே ஆகிவிடும். அதோடு ஒவ்வொரு விசிலும் மணத்தைச் சுமந்துகொண்டு வெளியே போகிறது. சமையற்கட்டே கமகமக்கிறது என்று சந்தோஷப்படுவோம். நம் மூக்குக்கு வந்த மணம் பாத்திரத்தை விட்டுக் கிளம்பிவிட்ட மணம்.

இனி மாமியாரின் மாங்காய்ப் பச்சடி. சித்திரை முதல் தேதிக்கு அதைச் செய்யும்போது அவர் விடாமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு: "காய் வெந்ததுக்கு அப்புறம் வெல்லத்தப் போடு. மொதல்லயே போட்டா காய் வெறச்சுக்கும்." சாம்பாருக்கும் அவரிடம் இதே சட்டம்தான், பருப்பு வேகும் முன் புளி ஊற்றக் கூடாது. இரண்டுக்கும் பின்னால் இருக்கிற காரணம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. காயிலும் பழத்திலும் பருப்பிலும் செல்லோடு செல்லை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை பெக்டின். சூட்டில் அது கரையக் கரையத்தான் எதுவும் குழையும். புளிப்பு அந்தக் கரைதலைத் தாமதப்படுத்தும். சர்க்கரையும் தாமதப்படுத்தும். சுண்ணாம்புச் சத்து பெக்டினை இன்னும் இறுக்கிக் கட்டும். வெல்லத்தில் சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து இரண்டுமே இருக்கின்றன, கரும்புச் சாறு காய்ச்சும்போது அழுக்கு எடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்களே. மாங்காய் விறைக்காமல் என்ன செய்யும்?

பச்சடியில் தடையாக இருப்பது கம்போட்டில் நமக்குக் கையில் கிடைத்த கடிவாளம். பழம் குழையாமல் துண்டாக நிற்க வேண்டுமா, சர்க்கரையை முதலிலேயே போட வேண்டும். குழைந்து கூழாக வேண்டுமா, வேக வைத்துவிட்டுச் சர்க்கரை போட வேண்டும். பழுத்த பிளம்ஸுக்கு முதல் வழி, கல் மாதிரி பேரிக்காய்க்கு இரண்டாவது வழி. கம்போட் செய்முறை என்று எழுதப்படுகிற பக்கங்களில் பாதி, "பழம், சர்க்கரை, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு விசில்" என்று எல்லாப் பழத்துக்கும் ஒரே மந்திரத்தை ஓதுகின்றன. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

சரி, பிளம்ஸ். வில்பட்டி, பள்ளங்கி, பெருமாள்மலை பக்கம் பறித்து வத்தலக்குண்டு ரோட்டோரம் கூறு கட்டி விற்பார்கள். "அக்கா, இன்னைக்கே சாப்பிடவா, ரெண்டு நாள் வச்சுக்கவா?" என்று விற்கிற பெண் கேட்டால் பாதிக்குப் பாதி கொடு என்று சொல்லுங்கள். நன்றாகப் பழுத்தது சாறும் நிறமும் கொடுக்கும், அரைக்காய் துண்டாக நிற்கும். முழுக்கப் பழுத்ததை மட்டும் போட்டால் சிவப்பு ரசம்தான் கிடைக்கும்.

ஒரு கிலோ பழத்துக்கு 200 கிராம் சர்க்கரை. ரொம்பப் புளிப்பாக இருந்தால் 250. பழத்தை இரண்டாக நறுக்கிக் கொட்டையை எடுத்துவிடுங்கள். நாலைந்து பழத்தை மட்டும் கொட்டையோடு முழுதாக விட்டால் லேசாக ஒரு பாதாம் வாசனை சேரும். கொட்டையை உடைத்துப் போடாதீர்கள், உள்பருப்பில் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் பழமும் சர்க்கரையும் போட்டுக் குலுக்கி அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை இழுத்து அடியில் தேக்கிவிடும், தண்ணீர் தேவைப்படாமல் போவது இதனால்தான். இரண்டு கிராம்பும் நாலு மிளகும் போட்டால் போதும். மிளகா என்று முகம் சுளிக்காதீர்கள். தாண்டிக்குடி மிளகும் இந்தப் பழமும் ஒரே மலைச்சரிவில் மேலும் கீழுமாக விளைபவை, நாக்கிலும் ஒத்துப்போகின்றன.

குக்கர் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி ஒன்று. அலுமினியக் குக்கர் கறுக்காமல் இருக்க நாம் எப்போதும் செய்கிற வேலைதான். மேலே ஒரு தட்டு அல்லது மணை, அதன்மேல் பழப் பாத்திரம். அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு மூடி போடுங்கள், இல்லையென்றால் குக்கர் மூடியிலிருந்து வடியும் ஆவித் தண்ணீர் சாற்றை நீர்க்கச் செய்துவிடும். ஆவி நேராக வரத் தொடங்கியதும் வெயிட்டைப் போட்டு நடுத்தரத் தீயில் வையுங்கள். வெயிட் அசைந்து சீறத் தொடங்கும், முதல் விசில் இதோ வருகிறேன் என்று மிரட்டும். அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒன்று அடித்துவிட்டாலும் பரவாயில்லை, இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டாம். மீதி வேலையை உள்ளே இருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும்.

இதற்குப் பிறகுதான் பலர் அவசரப்படுகிறார்கள். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பிடுங்கி விடுவதோ, குக்கரைக் குழாயடியில் காட்டுவதோ பழத்துக்கு ஆகாது. உள்ளே சாறு 100 டிகிரிக்கு மேல் இருக்கும், ஆனால் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். அழுத்தத்தைச் சட்டென்று எடுத்தால் மொத்தச் சாறும் ஒரே நேரத்தில் கொதித்து எழும்பும், பழத்தின் உள்ளே இருக்கிற சாறு உட்பட. கிளறாமல் பாதுகாத்து வைத்த துண்டுகளெல்லாம் அந்த ஒரு நொடியில் சிதறிவிடும். தானாக அடங்கட்டும். திறந்த பிறகும் கரண்டி போடாமல், பாத்திரத்தை லேசாகச் சாய்த்துச் சாற்றைப் பழத்தின் மேல் ஓடவிட்டால் போதும்.

நிறத்துக்கு வெள்ளைச் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரை உடம்புக்கு நல்லது என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதுவும் சர்க்கரைதான். பிளம்ஸின் சிவப்பைப் பழுப்பாக்கியதற்கு மேல் அது என்ன நன்மை செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் சுகர் இருப்பவர்களுக்கு எந்தச் சர்க்கரையில் செய்தாலும் ஒரு கரண்டிக்கு மேல் கொடுக்காதீர்கள். அலுமினியப் பாத்திரத்தில் நேராக வேக வைக்க வேண்டாம் என்பதற்கும் இந்தச் சிவப்பு ஒரு காரணம். பழப் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், நிறம் மங்கும், நாக்கில் ஒரு உலோக வாடை ஒட்டும்.

வாடை என்றதும் கேஸ்கெட் ஞாபகம் வருகிறது. தினமும் சாம்பாரும் ரசமும் பார்த்த ரப்பர் வளையத்தில் பெருங்காயமும் பூண்டும் ஊறிப்போயிருக்கும். எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. பழத்தை மூடினால் அத்தனையும் ஆவியோடு கீழே இறங்கும். பிளம்ஸில் பூண்டு வாசனை வந்தால் யார்தான் சாப்பிடுவார்கள்? இனிப்புக்கென்று ஒரு கேஸ்கெட் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது குக்கர் எத்தனை லிட்டர் என்பதோடு கம்பெனி, மாடல் எல்லாம் சொல்லிக் கேளுங்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பொருந்தாது.

ஆடி பிறந்ததும் பேரிக்காய் குவியும். பேரிக்காய்க்குத்தான் அழுத்தம் உண்மையிலேயே வேண்டும். நம் மலைகளில் விளைவது கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டி வரும் வெளிநாட்டு வழவழப் பேரிக்காய் இல்லை. நாட்டுப் பேரிக்காய், கீஃபர் என்கிற வகைகள். கடித்தால் பல்லில் மணல் மாதிரி நறநறக்கும். சதைக்குள் மரத்தின் கெட்டித்தன்மையோடு இருக்கும் கல் செல்கள் அவை. குக்கர் எவ்வளவு முயன்றாலும் அவற்றைக் கரைக்காது. ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் சதை வெண்ணெயாக இளகிவிட்டால் அந்த நறநறப்பே ஒரு ருசியாகத் தெரியும். நீலகிரியில், ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பழங்களை நட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நிலைக்கவில்லை. இந்த முரட்டுப் பேரிக்காய் நிலைத்துவிட்டது, ஊறுகாய்க்கும் உப்பு மிளகாய்த்தூளுக்கும் நம்மாட்கள் அதைப் பழக்கிக்கொண்டார்கள்.

ஒரு கிலோ பேரிக்காயைத் தோல் சீவி, நாலாக வகுந்து, நடுப்பகுதியை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு விரல் நீளப் பட்டையும் மட்டும் சேர்த்து உள் பாத்திரத்தில் வையுங்கள். இப்போது சர்க்கரை போடக் கூடாது, எலுமிச்சையும் பிழியக் கூடாது. மாங்காய்ப் பச்சடிச் சட்டம்தான் இங்கேயும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வையுங்கள். அடங்கிய பிறகு திறந்து கத்தி முனையால் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்கினால் சாற்றோடு அடுப்பில் வைத்து 150 கிராம் பனங்கற்கண்டும் அரை மூடி எலுமிச்சையும் சேர்த்துத் திறந்தபடியே ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். பிறகு ஒரு ராத்திரி ஊறட்டும். இனிப்பு உள்ளே இறங்க நேரம் பிடிக்கும், சுடச்சுடச் சாப்பிட்டால் வெளியே தித்தித்து உள்ளே சப்பென்று இருக்கும்.

சில சமயம் திறந்து பார்த்தால் வெள்ளைப் பேரிக்காய் ரோஜா நிறத்தில் கிடக்கும். கலர் எதுவும் போட்டாயா என்று வீட்டில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பேரிக்காயில் துவர்ப்பைத் தரும் பொருள்கள் நீண்ட சூட்டிலும் புளிப்பிலும் உடைந்து சிவப்பு நிறமிகளாக மாறுவதுதான் காரணம். டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் அதைக் குறை என்று ஒதுக்கப் பார்க்கும். வீட்டில் நடந்தால் அது நம் அதிர்ஷ்டம். துவர்ப்பு அதிகமான காயில்தான் வரும், ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டுப் பேரிக்காயில் எதிர்பார்க்காதீர்கள்.

குக்கர் கதை பழத்தைவிட ருசியானது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1679-இல் லண்டனில் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர், விஞ்ஞானி ராபர்ட் பாயிலிடம் வேலை பார்த்தவர், எலும்பையும் குழைக்கும் ஒரு மூடிய பாத்திரத்தை ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் காட்டினார். ஆவி அளவு மீறினால் தானே தூக்கி வெளியேற்றும் சேஃப்டி வால்வும் அவர் கைவண்ணம். அதைப் பற்றி அவர் 1681-இல் போட்ட புத்தகத்தின் தலைப்பே அரைப் பக்கம் நீளும், இந்தப் பாத்திரம் எதற்கெல்லாம் உதவும் என்ற வரிசையில் சமையல், கடற்பயணம், பானங்கள், சாயம் போடுதல் இவற்றோடு இனிப்புப் பண்டங்களும் இருக்கும். அடுத்த வருஷம், 1682 ஏப்ரலில், ராயல் சொசைட்டிக்காரர்கள் சிலருக்கு அதில் சமைத்து விருந்து வைத்தார். விருந்தில் இருந்த ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்: மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி அளவுக்கு மெதுவாக இருந்தனவாம், ஆனாலும் எல்லாவற்றையும் மிஞ்சியது புறாக்கறிதானாம். தண்ணீரே சேர்க்காமல், தண்ணீர் வெளியே சுற்றி நிற்க, தன் சாற்றிலேயே அது வெந்திருந்தது.

எலும்பைக் கரைக்கும் இயந்திரத்தைப் பார்க்கப் போன அறிவியல்காரர்கள், தன் சாற்றில் வெந்த கறியைப் பாராட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். குக்கரின் அழுத்தத்தைவிட அதன் மூடிதான் பெரிய விஷயம் என்று நான் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுவதை அந்த மனிதர் ஒரு புறாவை வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மற்ற பழங்களில் அன்னாசிக்குக் குக்கரே வேண்டாம், வாணலியில் பத்து நிமிஷம் போதும். ஆனால் வேக வைப்பதில் ஒரு லாபம் உண்டு. பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டு வைத்தால் கசந்துவிடும், அதில் இருக்கும் நொதி பாலின் புரதத்தை உடைப்பதால். வெந்ததைப் போட்டால் கசக்காது. ஆயக்குடிக் கொய்யாவை ஒரு விசில் விட்டு, விதையை வடிகட்டிக் கூழாக வைத்துக்கொள்ளலாம், மணம் அபாரம். ஆப்பிள் வாங்கும்போது கெட்டியாகப் பாருங்கள். மாதக்கணக்கில் குளிர்கிடங்கில் கிடந்து மாவாகிப்போன ஆப்பிள் வெந்தால் திருநீற்றுக் கரைசல்தான். மலைவாழையை வேக வைக்காதீர்கள். பழனிக்காரர்கள் அதை அடுப்பே காட்டாமல் பஞ்சாமிர்தமாக்கினார்கள், அதற்கு மேல் நாம் என்ன செய்துவிடப் போகிறோம்?

எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பார்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம், அவ்வளவுதான். ஜாம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் சர்க்கரையும் மற்றதுமாக நூற்றுக்கு 65 பங்கு இருப்பது. கிருமிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. அந்த நிலைக்கு வர ஜாம் 104, 105 டிகிரி வரை திறந்த பாத்திரத்தில் வற்ற வேண்டும். மூடிய குக்கரில் எதுவும் வற்றாது, ஆகவே கம்போட் என்றைக்கும் ஜாம் ஆகாது. பாட்டிலில் அடைத்து வருஷம் முழுக்க வைக்கும் வித்தையும் இருக்கிறது. நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் பழங்களையும் கறியையும் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துப் பாதுகாத்துக் காட்டி, 1810-இல் அரசாங்கத்திடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கும் தெரியாது, கிருமிகள்தான் காரணம் என்று விஞ்ஞானி பாஸ்டர் வந்து சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. அதற்கென்று செய்த பாட்டிலும் மூடியும் இல்லாமல், ஹார்லிக்ஸ் பாட்டிலைக் குக்கருக்குள் வைத்துப் பரீட்சை பண்ண வேண்டாம். வெடிக்கும்.

சாப்பிடுவதற்குத் துணை எதுவென்றாலும் சரி. கெட்டித் தயிரில் பிளம்ஸ் கம்போட் ஒரு கரண்டி போட்டால் வேறு இனிப்பு வேண்டாம். நெய் தோசைக்கு என் வீட்டுப் பிள்ளைகள் சர்க்கரையை விட்டுவிட்டு இதற்கு மாறிவிட்டார்கள். மாமியார் பேரிக்காயைத் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறார், அவர் பச்சடி என்று சொன்னவராயிற்றே. மிஞ்சும் சாற்றில் சோடா ஊற்றிக் குடிக்கலாம்.

மார்கழியில் மலையிலிருந்து இந்தப் பழம் எதுவும் வராது. அப்போது போலந்துக்காரர்களைப் பின்பற்றலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு வகை வைக்கும் அவர்கள் விருந்தில் உலர்பழக் கம்போட் தவறாது. புகையில் உலர்த்திய பிளம்ஸ், ஆப்பிள், பேரிக்காய் எல்லாம் போட்டு நீர்க்கக் காய்ச்சிக் குடிப்பார்கள். உக்ரைனில் அதற்கு உஸ்வார் என்று பேர். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் உலர்ந்த பிளம்ஸ், ஆப்ரிகாட், அத்திப்பழம் எல்லாமாகக் கால் கிலோ எடுத்து, கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரும் கமலா ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டும் மூன்று கிராம்பும் சேர்த்து எவர்சில்வர் குக்கரிலேயே பாதிக்கு மேல் போகாமல் வைத்து இரண்டு விசில் விடலாம். தோல் தடித்துச் சுருங்கிய பழம், அழுத்தம் அதற்கு நல்லதுதான். சர்க்கரை ஒரு துளிகூட வேண்டாம். ராத்திரி முழுக்க மூடி வைத்து மறுநாள் வெதுவெதுப்பாகவோ ஆறியபடியோ குடிக்கலாம், பழத்தை ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடலாம். கிஸ்மிஸை மட்டும் கைநிறைய அள்ளிப் போடாதீர்கள். பத்துக்கு மேல் போனால் மற்ற பழத்தின் ருசி எதுவும் தெரியாது, பாயசத்தில் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருக்கும்.